மாமி மிதித்த எக்ஸிலேட்டர்

கல்முனை பஸாரில் எனக்கொரு ஹாட்வெயார் கடை இருக்கிறது. ஆணி, நட்டு, ஸ்பேனர், பிளாஸ்டிக் குழாய், பெயின்ற், தும்புக் கால்மிதி எல்லாம் விற்கிறேன். வாங்க வருகிறவர்களுக்கு ஆலோசனையும் சொல்வேன், அது இலவசம். எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர், எந்தப் பக்கம் திருப்புவது, எவ்வளவு இறுக்குவது என்று நான் விளக்குவதைக் கேட்டால் கப்பல் எஞ்சினையே கழற்றிப் பூட்டியவன் என்று நினைப்பீர்கள். கலியாணம் முடித்த நாளிலிருந்து வீட்டில் ஒரு ஆணி நான் அடித்ததில்லை.

அதற்கு நான் மட்டும் காரணமில்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். வீடு பெண்ணுடையது. மாப்பிள்ளை வந்த விருந்தாளி, தலை நரைத்தாலும் விருந்தாளிதான். பெரிய மீன் துண்டு அவன் சோற்றுக் கோப்பைக்குத்தான் வரும். குழாய் ஒழுகினால் அவன் காதில் விழுமுன்னே ஆள் பிடித்துத் திருத்தி முடித்துவிடுவார்கள். ஒருமுறை கதவுப் பிணைச்சல் கிரீச்சிடுகிறதென்று நான் சுத்தியலைத் தேடினேன். மறுநாள் சுத்தியலையே காணவில்லை. மாமி அதை அரிசி வாளிக்குள் புதைத்து வைத்திருந்தார். மாப்பிள்ளை விரலில் அடித்துக்கொண்டால் அந்தக் குறை யாருக்கு?

மாமி என்பது என் மனைவியின் உம்மா. பத்துப் பன்னிரண்டு வருடமாக அவரும் நானும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறோம், ஆனால் முகம் பார்த்துக் கதைத்ததில்லை. கோபதாபம் ஒன்றும் கிடையாது. மார்க்கத்திலும் தடையில்லை, மாமிக்கும் மருமகனுக்கும் பர்தா இல்லையென்று எல்லோருக்கும் தெரியும். அது பழைய ஊர்ப் பழக்கம். இப்போது பல வீடுகளில் மாமியும் மருமகனும் ஒன்றாக இருந்து டிவி பார்க்கிறார்கள். எங்கள் வீட்டில் கதைக்காமலேயே தொடங்கிவிட்டது, பிறகு அதை முதலில் மாற்றுவது யார் என்று இரண்டு பேருக்கும் வெட்கம்.

எல்லாச் செய்தியும் என் மனைவி வழியாகத்தான் போய் வரும். அவள் வீட்டில் இல்லாத நேரங்களில் பூனை வழியாகப் போகும். "ஏ பூன, தேத்தண்ணி மேசையில கெடக்கு, ஆறப்போகுது" என்று குசினிக்குள்ளிருந்து மாமியின் குரல் வரும். நான் பூனையைப் பார்த்து, "குடிக்கிறன், குடிக்கிறன்" என்பேன். அந்தப் பூனை எங்களுக்குச் செய்த ஊழியத்துக்கு அதற்குப் பென்ஷன் கொடுத்திருக்க வேண்டும்.

இனிக் கார். அது மாமா, அதாவது மாமியின் கணவர், வாங்கி ஓட்டிய பழைய வெள்ளை ஜப்பான் கார். இப்போதைய கார்களில் எல்லாம் வயரும் கம்ப்யூட்டரும்தான். இதில் எக்ஸிலேட்டர் பெடலை மிதித்தால் ஒரு கேபிள் இழுபட்டு, எஞ்சினில் காற்றுப் போகிற வாயை ஒரு சின்ன நெம்புகோல் திறக்கும். விளங்கிக்கொள்ளக்கூடிய கார். மாமா அதை வீட்டின் இன்னொரு அறை மாதிரித்தான் வைத்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். அவர் மௌத்தான பிறகும் யாரும் அந்தச் சட்டத்தை மீறவில்லை. நானும் வெறுங்காலோடுதான் ஓட்டினேன்.

கணவன் மௌத்தானால் பெண்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிற இத்தாவை மாமி முடித்து வெளியே வந்தபோது ஒரு கேள்வியும் கூடவே வந்தது: இனி அவர் எங்கே இருப்பது? வயசான காலத்தில் கடைசி மகளோடு போய் இருப்பது எங்கள் பக்கத்தில் வழமை. கடைசி மகள், என் மச்சினி, நிந்தவூரில் புது வீட்டில் இருக்கிறாள். என் மனைவி என்னிடம் கேட்டாள்: "உம்மா இஞ்ச இரிக்கிறதா, தங்கச்சிட்டப் போறதா? நீங்க என்ன சொல்றீங்க?" நான் மிகவும் மரியாதையான ஆள் அல்லவா, "மாமிட விருப்பம்" என்றேன். அதை அவள் கொண்டுபோய்க் கொடுத்தாள். "மாப்பிள்ளைட விருப்பம் எப்படியோ அப்படி" என்று திரும்பி வந்தது. "இல்லயில்ல, மாமிட விருப்பம்தான்" என்று மறுபடி அனுப்பினேன். இப்படி இரண்டு பக்கமும் மரியாதையை மாறி மாறி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே நிந்தவூரில் அறைக்குப் பெயின்ற் அடித்துவிட்டார்கள். பெயின்ற் என் கடையில்தான் வாங்கினார்கள். நிறத்தையும் நானே தெரிந்து கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மாமியைக் கொண்டுபோய் விடுவதென்று முடிவாயிற்று. அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், அதுவும் மகள் வழியாக: "வேன் வேணா. அவர்ர காருல போறன்."

அந்தக் கார்தான் வியாழக்கிழமை என்னை ஊர் சிரிக்க வைத்தது. வீரமுனையில் ஒரு வயல்காரருக்குப் பம்புக் குழாய் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். போகும்போதே இழுக்காத கார், வரும்போதும் எவ்வளவு மிதித்தாலும் வேகம் எடுக்கவில்லை. நெல் மூட்டை ஏற்றிய லேண்ட்மாஸ்டர் உழவு மெஷின் ஒன்று படபடவென்று என்னைத் தாண்டிப் போனது. மேலே இருந்தவர் திரும்பிப் பார்த்துக் கையும் காட்டினார். சைக்கிள்காரர் ஒருவர் கொஞ்ச தூரம் என் பக்கத்திலேயே வந்து சுகம் விசாரித்துவிட்டுப் போனார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எக்ஸிலேட்டர் கேபிள் இளகிவிட்டது. கடையில் இருந்துகொண்டு போனில் இரண்டு வீடியோ பார்த்தேன். ஒன்று ஹிந்தியிலும் மற்றது எனக்குத் தெரியாத ஏதோ ஒரு மொழியிலும் இருந்தன, இருந்தாலும் நட்டுக்குப் பாஷை ஏது? ஒருவர் பெடலை முழுக்க மிதிக்க வேண்டும். மற்றவர் எஞ்சின் பக்கம் நின்று நெம்பு முழுக்கத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். திறக்காவிட்டால் கேபிளின் இரண்டு நட்டுகளையும் திருப்பி இழுவையைச் சரிப்படுத்த வேண்டும். அவ்வளவுதான். வழமையாகக் காரைப் பார்க்கிற கராஜ் பாஸ் கலியாணமொன்றுக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன். வேலைக்கு நிற்கிறவர்கள் கேட்கும்படியாக, "இதுக்கெல்லாம் ஆளா? நானே செய்வன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய்க்கு ஒரு மதிப்பு வேண்டாமா.

மறுநாள் பகல் ஜும்ஆத் தொழுகை முடிந்து சாப்பிட்டு, சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வளவுக்குள் இறங்கினேன். கையில் கடையிலிருந்து கொண்டுவந்த புது ஸ்பேனர், விலை ஒட்டியது ஒட்டியபடி. எஞ்சினை மூடியிருக்கிற பொனட்டைத் திறந்து தடி கொடுத்து நிறுத்தினேன். கேபிளையும் கண்டுபிடித்தேன். அதற்கே கொஞ்ச நேரம் போயிற்று. முதலில் பற்றரிக்குப் போகிற ஒன்றைப் பிடித்து இழுத்துப் பார்த்ததை யாரிடமும் சொல்லாதீர்கள்.

அப்போதுதான் பெடலை மிதிக்க ஆளில்லை என்பது நினைவுக்கு வந்தது. மனைவி காலையிலேயே பிள்ளைகளையும் மாமியின் பெட்டியையும் கொண்டு நிந்தவூருக்குப் போய்விட்டாள். நானே காருக்குள் போய் மிதிப்பதும், ஓடி வந்து பார்ப்பதுமாக இரண்டு மூன்று தரம் ஓடினேன். ஓடி வருவதற்குள் பெடல் எழும்பிவிடும். வீட்டில் இருந்தது பூனை. அப்புறம் மாமி.

முற்றத்து வெயிலில் படுத்திருந்த பூனையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்: "இந்தப் பெடல மிதிக்க ஒராள் இருந்தா நல்லம். இல்லாட்டி அஸருக்குப் பொறகு போக ஏலாது."

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு பின்கதவு திறந்தது. மாமி முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்து வந்தார். நான் பொனட்டுக்குப் பின்னால் நன்றாக மறைந்துகொண்டேன். கார்க்கதவு திறக்கிற சத்தம், செருப்பைக் கழற்றி வைக்கிற சத்தம், சீட் அமுங்குகிற சத்தம் எல்லாம் கேட்டது. அவ்வளவு காலம் மாமா இருந்த ஆசனத்தில் மாமி ஏறி உட்கார்ந்திருந்தார்.

எங்களுக்கு நடுவில் திறந்த பொனட் நின்றது. அவர் கண்ணுக்கு நான் தெரியவில்லை, என் கண்ணுக்கு அவர் தெரியவில்லை. தகரத்தில் செய்த நல்ல திரை.

"எதுல மிதிக்கிற?" என்று திரைக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. பூனை அவர் பின்னால் வரவில்லை. ஆகவே கேள்வி எனக்குத்தான்.

"வலது பக்கத்துக் கடைசி, மாமி."

"இதுவா?"

நெம்பு அசைந்தது. பாதி திறந்து நின்றது.

"முழுசா அமத்துங்க."

"முழுசாத்தான் அமத்துறன்."

பாதிதான். நட்டைத் திருப்பி இறுக்கினேன். "இன்னொருக்கா." இன்னும் முழுசாகத் திறக்கவில்லை. மறுபடி இறுக்கினேன். "பலமா அமத்துங்க மாமி." "இதுக்கு மேல போகுதில்ல மாப்புள." மாமிக்கு மெல்லிய கால், மிதிக்கப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். என் மூளைக்கு அதற்குமேல் போகவில்லை. இறுக்கினேன், இறுக்கினேன், நட்டில் மரை முடியும்வரை இறுக்கினேன். ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி உரிந்தது. சத்தம் போடாமல் வாய்க்குள் வைத்துக்கொண்டேன். சுத்தியல் இன்னும் அரிசிக்குள் இருக்கிற வீடு அது.

கடைசியில் நெம்பு ஏறக்குறைய முழுசாகத் திறந்தது. எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. "சரி மாமி, வந்திட்டு. திறப்பக் கிறுக்கி ஸ்டாட் பண்ணுங்க, நியூட்ரல்லதான் கெடக்கு."

"நானா?"

"ஓம், சும்மா கிறுக்குங்க."

சாவியைத் திருகினார். எஞ்சின் பிடித்த மாத்திரத்தில் அறுபடுகிற மாடு மாதிரிக் கதறியது. பெடலில் யாரும் கால் வைக்கவில்லை, கேபிளை நான் இறுக்கிய இறுக்கில் அந்த வாய் மூடவே இல்லை. கோழிகள் வேலிக்கு மேலால் பறந்தன. பூனை அன்று போனது, இரவுதான் வந்தது. நான் இரண்டு கையாலும் எஞ்சினைப் பார்த்து, "நில்லு, நில்லு" என்று கும்பிடாத குறையாக நின்றேன். ஹாட்வெயார் கடை வைத்திருப்பவன் எஞ்சினோடு பேசுகிற விதம் அது. மாமிதான் திறப்பைத் திருப்பி நிறுத்தினார்.

பக்கத்து வளவு மச்சான் மதிலுக்கு மேலால் தலையை நீட்டினார். "என்ன மாப்புள, கார் மேல எழும்பப் போகுதா?"

"சும்மா செக் பண்ணின" என்றேன். அவர் என் கையிலிருந்த விலை ஒட்டிய ஸ்பேனரைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் தலையை இறக்கிக்கொண்டார். திட்டியிருந்தாலும் இந்தளவுக்குச் சுட்டிருக்காது.

வளவு அமைதியாகியது. பொனட்டுக்கு அந்தப் பக்கம் மாமி இன்னும் இறங்கவில்லை.

"மாப்புள."

"ஓம் மாமி."

"கோவிக்காதீங்க. இந்தப் பெடலுக்குக் கீழ ஒரு தும்புக் கால்மிதி கெடக்கு. அதுல தட்டித்தான் நிக்கிதாக்கும்."

எனக்குக் காது சுட்டது. அந்தக் கால்மிதியை எனக்குத் தெரியும். வியாழக்கிழமை வீரமுனைக்குப் போகக் காரில் ஏறியபோதே உள்ளங்காலுக்குக் கீழே தடிப்பாக, சுகமாக இருந்தது. நல்லாயிருக்கே என்று நினைத்தேனே தவிர, அது எங்கிருந்து வந்தது, பெடல் எங்கே போய் நிற்கும் என்று நினைக்கவில்லை. வாசலில் போட்டுச் சேற்றுக்கால் துடைக்கிற தடித்த கால்மிதி. நானே கடையில் அடுக்கி வைத்து, "ஆயுளுக்கும் தேயாது" என்று விற்கிற சாமான்.

"அத ஆரு போட்ட?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"நாந்தான். ஒங்கட கடையிலதான் ஆளனுப்பி எடுத்த. உள்ளுக்குக் கெடந்த றப்பர் ஓட்டையாப் போயிட்டு. வெறுங்காலோட ஓட்டுறீங்க, தகரம் சுடும். போறதுக்கு முன்ன ஒரு நல்லதாப் போட்டுட்டுப் போவம் எண்டு நெனச்சன்."

நான் நட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கேபிளில் ஒரு பிழையும் இருக்கவில்லை. மருமகனின் கால் சுடக்கூடாதென்று போட்ட கால்மிதியில் தட்டி நின்ற பெடலுக்கு, நான் ஒரு மணித்தியாலமாக எஞ்சினை வதைத்திருக்கிறேன்.

கால்மிதியை இழுத்தெடுக்கிற சத்தம் கேட்டது. பிறகும் அவர் இறங்கவில்லை.

"ஒண்டு கேக்கட்டா?"

"கேளுங்க மாமி."

"நான் இஞ்ச இருந்தது ஒங்களுக்குக் கரைச்சலா இருந்திச்சா?"

"அல்லாஹ்வே, என்ன கதை மாமி இது. இல்ல."

"அப்ப ஏன் இரிங்க எண்டு ஒரு சொல்லு சொல்லல்ல? மகள்ட்ட ரெண்டு மூணு தரம் கேட்டனுப்பினன். மாமிட விருப்பம், மாமிட விருப்பம் எண்டே வந்திச்சு. வேணாம் எண்டுறத்த ஆரும் மொகத்துக்கு நேர சொல்லமாட்டாங்கதானே. அப்படித்தான் நெனச்சன்."

அவர் அழவில்லை. பயறு விலை சொல்கிற குரலில்தான் சொன்னார். அந்த வீட்டிலிருந்துதான் மாமாவைத் தூக்கிக்கொண்டு போனோம். அந்த வீட்டுக் கிணற்றடியில்தான் மாமி மகள்களை வளர்த்தார். தன் மகளின் வீட்டில் இருப்பதற்கு அவர் என் வாயிலிருந்து ஒரு சொல்லை எதிர்பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நானோ மரியாதை செய்கிறேன் என்று நினைத்து அவரைப் படி இறக்கிக்கொண்டிருந்திருக்கிறேன், போகிற அறைக்குப் பெயின்றும் கொடுத்து.

கடையில் மணிக்கணக்காகக் கதைக்கிறவன் நான். ஸ்பேனரைக் கீழே வைத்தேன். பொனட்டின் உட்பக்கத் தகரத்தைப் பார்த்து, பூனையிடம் சொல்வதுபோல இல்லாமல், அவரிடமே சொன்னேன்:

"போகாதீங்க மாமி. இரிங்க. இது மாமிட விருப்பமில்ல, என்ட விருப்பம்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது, அது அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று இப்போது சொல்ல மாட்டேன்.

"சின்னவள் அறைக்குப் பெயின்றெல்லாம் அடிச்சி வெச்சிரிக்காளே" என்றார்.

"பெயின்ற் எங்கயும் போகாது. ரெண்டு நாள் விருந்துக்குப் போங்க. மறுகா நான் வந்து கூட்டிக்கிட்டு வாறன்."

"அப்ப அந்த நட்ட இளக்குங்க" என்றார் மாமி. "இல்லாட்டி அவர்ர காரு என்ன நிந்தவூருக்கும் அங்கால கொண்டு போயிரும்."

இளக்கினேன். அவர் மிதித்தார். நெம்பு கடைசிவரைக்கும் திறந்தது, விட்டதும் டக்கென்று மூடியது. பொனட்டை மூடியபோது ஆசனம் வெறுமையாக இருந்தது. அவர் முந்தானையை இழுத்துவிட்டுத் தென்னையைப் பார்த்துக்கொண்டு குசினிக்குள் போய்க்கொண்டிருந்தார்.

அஸருக்குப் பிறகு அவரைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். பொனட் மூடியிருந்தது. பூனையும் இல்லை. காரைதீவுச் சந்தி தாண்டும்வரை இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் மாமி யன்னல் கண்ணாடியிடம், "ரோட்டுல ஆடு நிக்கிது" என்றார். நானும் கண்ணாடியிடமே, "கண்ட, கண்ட" என்றேன். நிந்தவூரில், மாமி ரெண்டு நாள்தான் இருப்பார் என்று நான் சொன்னதும் மச்சினி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். என் மனைவி என்னை ஒருமாதிரிப் பார்த்தாள், பிறகு உள்ளே போய் உம்மாவின் பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தாள். சொன்னபடி இரண்டாம் நாள் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அந்தக் கால்மிதி இப்போது எங்கள் வாசலில் கிடக்கிறது. தேயவில்லை. காரின் கேபிளும் அன்றைக்குப் பிறகு ஒரு பிழையும் விட்டதில்லை. இருந்தாலும் இடைக்கிடை ஜும்ஆ முடிந்து வந்து, பொனட்டைத் திறந்து தடி கொடுத்து நிறுத்திவிட்டு, ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் மனைவி, "நான் மிதிக்கிறன், உம்மாவ ஏன் கரைச்சல் படுத்துறீங்க" என்று வந்தாள். "உனக்குச் சரியா மிதிக்கத் தெரியாது" என்று அனுப்பிவிட்டேன்.

செருப்பைக் கழற்றி வைக்கிற சத்தம் கேட்கும். சீட் அமுங்கும்.

"போன கிழமையும் இதத்தானே பாத்தீங்க?"

"ஓம் மாமி. திரும்பவும் இளகிட்டு."

"சரி, சரி. நான் மிதிச்சிக்கிட்டு இரிக்கன்" என்கிறது பொனட்டுக்கு அந்தப் பக்கம். "நீங்க கதைங்க மாப்புள."